பழைய படங்களில் ஜோர்ஜ் டவுன் தெருக்கள்: அன்றும் இன்றும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய ஏடும் கல்வெட்டும் துணைபுரிவது போலவே, கடந்த ஒன்றரை நூற்றாண்டாகப் புகைப்படமும் துணைபுரிந்து வருகின்றது. ஏட்டைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். கல்வெட்டைப் படிக்கப் பயிற்சி வேண்டும். படத்தைப் பார்க்கவோ கண் ஒன்றே போதும் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால், படத்தையும் படிக்கத்தான் வேண்டும். அதில் எழுதப்பட்டிருப்பதையும், எழுதப்படாமல் விடுபட்டதையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாற்றுச் சான்றாகும்.

இவ்வகையில் பினாங்குவாசிகளாகிய நாம் பேறு பெற்றவர்கள். பிற பெருநகரங்களில் நூறாண்டுக்கு முந்திய படத்தைக் கையிலேந்திச் சென்றால், அதில் உள்ள தெருவைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. ஜோர்ஜ் டவுனிலோ அப்படத்தைப் பிடித்துக்கொண்டு அதே முனையில் நின்று, அதே கூரையையும் அதே தூண்களையும் இன்றும் காணலாம். சுவருக்குச் சுவர் பொருந்துகின்றது. சுவர் பொருந்துவதனால் தெருவும் பொருந்திவிட்டதாகுமா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

தெருக்கள் பிறந்த வரலாறு

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் கேப்டன் பிரான்சிஸ் லைட் இத்தீவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக அறிவித்தார். அவர் வகுத்த நகரின் எல்லைகளாக அமைந்தவை நான்கு தெருக்கள்: லைட் ஸ்திரீட், பீச் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட், பிட் ஸ்திரீட். இந்நான்கனுள் சூலியா ஸ்திரீட்டுக்கு முதலில் வழங்கிய பெயர் மலபார் ஸ்திரீட் என்பதாகும். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் 'மலபார்' என்றே குறித்தனர். சூலியா என்பதோ சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்த பெயர். ஆகவே, நகரின் முதல் வரைபடத்திலேயே நம்மவருக்கு ஓர் எல்லைத் தெரு இருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1801ஆம் ஆண்டில் காதிர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. அதே ஆண்டில் இந்தியர் தலைவராக விளங்கிய பெட்டிலிங்கம் செட்டி என்பாருக்கு வழிபாட்டிற்காகக் குயின் ஸ்திரீட்டில் நிலம் வழங்கப்பட்டது. அந்நிலத்தில் தோன்றிய சிறு வழிபாட்டிடமே 1833இல் கோயிலாக விரிவுபெற்ற ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சாலைகளை அமைத்தனர். பொதுக் கட்டடங்களை எழுப்பினர். 1818ஆம் ஆண்டில் எழுந்த செயின்ட் ஜோர்ஜ் தேவாலயமும் அவர்தம் உழைப்பினால் உருவானதே. தெருவை அமைத்த அக்கைகளுள் ஒன்றையேனும் எந்தப் புகைப்படமும் பதிவு செய்யவில்லை. புகைப்படக்கலை அப்போது உலகில் தோன்றவேயில்லை.

படமெடுத்தோரும் அவர்தம் கருவியும்

1860களின் பிற்பகுதியில் டென்மார்க் நாட்டவரான கிறிஸ்டன் பெயில்பர்க் பினாங்கில் படத்தொழில் நடத்தினார். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட லேம்பர்ட் நிறுவனமும் பினாங்குக் காட்சிகளைப் படமாக்கி விற்றது. பின்னர், கவுல்பஸ் என்பாரின் நிலையம் இந்நகரில் இயங்கியது. சுமத்திராவின் மேடானில் தொழில் நடத்திய கிளைன்குரோத்தே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீபகற்பத்தின் பல ஊர்களையும் சிறந்த முறையில் படமெடுத்தார். நாம் இன்று காணும் பழைய பினாங்குப் படங்களுள் பெரும்பாலானவை இத்தகையோரிடமிருந்தும், அவர்களுக்குப்பின் பெருகிய அஞ்சலட்டை வணிகத்திலிருந்தும் வந்தவையே.

தொடக்கக்காலத் தெருப்படங்களைப் பார்ப்போர் ஒரு விந்தையைக் காண்பர். அகன்ற தெரு கிடக்கும். இருமருங்கிலும் கடைவீடுகள் நிற்கும். ஆள் நடமாட்டம் மட்டும் அற்றுப்போயிருக்கும். 'அக்காலத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தது!' என்று வியப்பவர் உளர். உண்மை அதுவன்று. அக்காலக் கண்ணாடித் தகடுகள் ஒளியை மெதுவாகவே ஏற்றன. படம் பதிவதற்குச் சில விநாடிகள் பிடித்தன. அந்நேரத்தில் நடந்துகொண்டிருந்தவனும், ஓடிக்கொண்டிருந்த மாட்டு வண்டியும் தகட்டில் பதியாமல் மறைந்து போயினர். அல்லது புகைபோல் மங்கலாகப் படர்ந்தனர். அசையாமல் நின்றவரும் படுத்துறங்கியவரும் மட்டுமே தெளிவாகப் பதிந்தனர். 1880களில் வேகமான உலர் தகடுகள் பரவிய பின்னரே தெருவில் நடப்போர் படத்திலும் நடக்கத் தொடங்கினர்.

ஆகவே, மூட்டை சுமந்தவன், கைவண்டி தள்ளியவன், துறைமுகத்திற்கும் கிட்டங்கிக்கும் இடையே ஓடியவன் ஆகியோர் படத்தில் இல்லாமற் போனதற்கு அவர்கள் அங்கு இல்லாதது காரணமன்று. ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்ததே காரணம். நம் முன்னோருள் பெரும்பாலோர் இந்த வகையினர்.

பிற்காலத்துப் படங்களில் நம்மவர் இடம்பெற்றனர். ஆயினும், எவ்வாறு இடம்பெற்றனர் என்பதும் எண்ணத்தக்கது. 'கிளிங் பெண்மணி', 'கிளிங் பால்காரன்' என்னும் முறையில் இனமும் தொழிலும் மட்டும் அச்சிடப்பட்டு அவர்கள் அஞ்சலட்டைகளில் விற்பனையாயினர். முகம் இருக்கிறது, பெயர் இல்லை. வாங்கிய வெள்ளையருக்கு அது தேவைப்படவுமில்லை.

படத்தின் காலத்தைக் கணிக்கும் முறை

பழைய படம் ஒன்று நம் கைக்குக் கிடைத்தால், அதன் பின்புறத்தில் ஆண்டு எழுதப்பட்டிருப்பது அரிது. எனினும், ஜோர்ஜ் டவுனைப் பொறுத்தமட்டில் காலத்தைக் கணிக்கச் சில அடையாளங்கள் உதவும்.

கோட்டைக்கு அருகிலுள்ள மணிக்கூண்டு முதல் அடையாளம். விக்டோரியா மகாராணியாரின் அறுபதாண்டு ஆட்சி விழாவையொட்டி, 1897இல் செல்வந்தர் சியா சென் இயோக் அதனைக் கட்டித்தர முன்வந்தார். ஆண்டிற்கு ஓர் அடியாக அறுபதடி உயரத்தில் அது 1902இல் நிறைவுற்றது. அவ்விடத்தில் மணிக்கூண்டு இல்லையெனில் படம் அதற்கு முந்தியது. வெல்ட் குவேயில் கூண்டுடன் நிற்கும் இரயில்வே கட்டடம் 1907இல் தொடங்கப்பட்டது. இரயில் வண்டி ஓடாத தீவில் எழுந்த இரயில் நிலையம் அது. சீட்டை அங்கு வாங்கி, படகேறிப் பிறைக்குச் சென்று, அங்கு இரயிலில் ஏறினர். இப்போது அது சுங்கத்துறையின் கட்டடமாக விளங்குகின்றது.

தெருவின் தரையைப் பார்க்கவேண்டும். மின்சார டிராம் வண்டி 1906 முதல் 1936 வரை ஓடியது. மேலே இரட்டைக் கம்பியும், தரையில் தண்டவாளம் இன்றி ஓடும் பேருந்தும் காணப்பட்டால் அது டிராலி பஸ். 1925இல் வந்த அது 1961இல் நின்றது. 2004ஆம் ஆண்டில் சூலியா ஸ்திரீட்டும் பினாங்கு ரோட்டும் கூடும் இடத்தில் சாலையைத் தோண்டியபோது பழைய டிராம் தண்டவாளம் தாருக்கடியில் வெளிப்பட்டது. படம் சொன்னதற்கு மண்ணே சாட்சி கூறிய நிகழ்ச்சி அது.

பள்ளிவாசலும் கோயிலும்கூட அடையாளங்களே. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் இன்றைய தோற்றம் 1910இலும் 1930களிலும் நிகழ்ந்த விரிவாக்கங்களினால் வந்தது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் ஆலயமோ 1933ஆம் ஆண்டுத் திருப்பணியில் இன்றைய வடிவைப் பெற்றது. 'நூற்றாண்டுகளாக இப்படியே இருக்கிறது' என்று நாம் கருதுவனவும் வளர்ந்தே வந்துள்ளன என்பதைப் படங்கள் உணர்த்துகின்றன.

இனி, படத்தில் வெற்றிடமாக உள்ள மனைகளையும் காணவேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1945இன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் வீசின. மணிக்கூண்டுக்கு அருகில் இருந்த அரசாங்க அலுவலகங்களின் பெரும்பகுதி அழிந்தது. மணிக்கூண்டு சற்றே சாய்ந்து நிற்பதும் போர்க்காலக் குண்டுவீச்சின் விளைவே.

கடல் விலகிய தெரு

பீச் ஸ்திரீட் என்றால் கடற்கரைத் தெரு. இன்று அத்தெருவில் நின்றால் கடல் தென்படாது. வங்கிகளும் வணிக நிறுவனங்களுமே தென்படும். பெயர் பொய்யா என்றால், இல்லை. 1880களுக்கு முன் அத்தெருவின் கிழக்கு வரிசைக் கட்டடங்களின் பின்புறத்தை அலைகள் தொட்டன. பின்னர்க் கடல் தூர்க்கப்பட்டு வெல்ட் குவே உருவாயிற்று. 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் பிரெடரிக் வெல்டின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

இங்கு ஒரு சொல் நம் கவனத்திற்குரியது. லெபோ சூலியாவைத் தொடர்ந்து கடலை நோக்கிச் செல்லும் பகுதிக்கு 'காட் லெபோ சூலியா' என்பது பெயர். அவ்வாறே காட் லெபோ சீனா, காட் லெபோ கெரேஜா என்பனவும் உள்ளன. 'காட்' என்பது காசியில் கங்கைக்கரைப் படித்துறைகளைக் குறிக்கும் அதே இந்தியச் சொல். தெருவின் முனையில் படிகள் இறங்கின. படகுகள் வந்து நின்றன. சரக்கும் ஆளும் கரையேறினர். கடல் தூர்க்கப்பட்டபோது படித்துறை தெருவாயிற்று. சொல் மட்டும் நிலைத்தது. படித்துறையைக் காண இன்று பழைய படமோ, பழைய ஓவியமோ வேண்டும். பெயர்ப்பலகையைப் படிக்கும்போது நாம் நிற்பது பழங்காலத்தில் அலையடித்த இடம் என்பதை இளையோர்க்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

ஆலயத்தைச் சுற்றிய தெருக்கள்

லெபோ குயின், லெபோ பாசார், லெபோ பினாங்கு ஆகியவை சூழ்ந்த பகுதியே இன்று 'லிட்டல் இந்தியா' எனப்படுகின்றது. லெபோ பினாங்கில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். சாய்வுமேசையும் பெட்டகமும் கணக்கேடும் அவர்தம் அலுவலகம். இரவில் அதே இடமே படுக்கை. கப்பலிலிருந்து சரக்கை இறக்கி ஏற்றிய தொழிலாளரும் துறைமுகத்தையடுத்த தெருக்களில் கூட்டாகத் தங்கினர். மாரியம்மன் ஆலயத்தைப் பேணியவருள் இத்துறைமுகத் தொழிலாளர்க்குப் பெரும்பங்கு உண்டு.

கடையும் குடியும் ஒருங்கே அமைந்ததுதான் அக்காலக் கடைவீட்டின் இலக்கணம். கீழே வணிகம், மேலே வாழ்க்கை. முன்புறம் 'அஞ்சடி' என நாம் வழங்கும் நடைபாதை. அதன்கீழ் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி ஊர் முழுதும் நடக்கலாம். பழைய படங்களில் அஞ்சடியே தெருவின் உயிர்நாடியாக இருப்பதைக் காண்கிறோம். முடி திருத்துவோரும் பூக்கட்டுவோரும் அங்கேதான் தொழில் செய்தனர். இன்று அஞ்சடி பல இடங்களில் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாகவோ, கடைச் சரக்கின் நீட்சியாகவோ மாறிவிட்டது. நடப்பவர் தெருவில் இறங்கவேண்டியுள்ளது.

மாறாத காட்சி ஒன்று உண்டு. 1894ஆம் ஆண்டு முதல் தைப்பூசத்தின்போது வலம் வரும் வெள்ளி இரதம் லெபோ பினாங்கில் உள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலையை நோக்கிச் செல்கின்றது. அங்குள்ள நாட்டுக்கோட்டை நகரத்தார் தண்டாயுதபாணி ஆலயம் 1857இல் குடமுழுக்குக் கண்டது. 2017 முதல் குயின் ஸ்திரீட் ஆலயத்திலிருந்து தங்க இரதமும் புறப்படுகின்றது. இரதப் படங்களை ஆண்டுவரிசையில் அடுக்கினால், அவை பக்திப் படங்களாக மட்டுமன்றித் தெருவின் வரலாறாகவும் அமையும். இரதத்தின் பின்னணியில் உள்ள கடைப்பலகை, மின்கம்பி, வாகனம், மக்களின் உடை ஆகிய அனைத்தும் காலத்தைக் கூறும்.

ஆளில்லா மாடிகள்

சுவர்கள் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் பாதுகாப்பு ஆர்வம் மட்டுமன்று. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயராமல் தடுத்தது. வாடகை உயராததால் உரிமையாளர் இடித்துக் கட்டவும் முனையவில்லை, செப்பனிடவும் முனையவில்லை. குடியிருந்தோர் தலைமுறை தலைமுறையாகத் தங்கினர். கூரை ஒழுகிற்று, ஆனால் தெரு வாழ்ந்தது.

வேறு மாற்றங்களும் உடன் நிகழ்ந்தன. 1969இல் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. ஆழ்துறைகள் பட்டர்வொர்த்தில் அமைந்தன. கொள்கலன்கள் வந்தபின் தோளில் சுமக்கும் வேலை அருகிற்று. 1974இல் தொடங்கிய கொம்தார் கட்டுமானத்திற்காகப் பழைய தெருக்களின் ஒரு பகுதியே அகற்றப்பட்டது. 65 மாடிகளுடன் எழுந்த அந்தக் கோபுரம் நிற்கும் இடத்தின் பழைய படத்தை இன்றைய காட்சியோடு பொருத்திப் பார்க்க ஒரு சுவர்கூட எஞ்சவில்லை.

1997இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தின்படி வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முற்றாக நீங்கியது. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. சிறு கடைக்காரரும் மாடிக் குடும்பங்களும் வெளியேறினர். காலியான கட்டடங்கள் சிலவற்றில் ஆளுக்குப் பதிலாகக் குருவிகள் குடியேறின. கூட்டிற்காக வளர்க்கப்பட்ட அக்குருவிகளை மரபுடைமைப் பகுதியிலிருந்து 2013ஆம் ஆண்டின் இறுதிக்குள் அகற்றவேண்டும் என்று அரசாங்கம் கெடு விதிக்க நேர்ந்தது.

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்த்து ஜோர்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இணைத்தது. இது நாம் பெருமைகொள்ளத்தக்க நிகழ்ச்சி. கட்டடங்கள் புதுப்பொலிவு பெற்றன. தெருப்பலகைகளில் தமிழும் இடம்பெற்றது. 2012இல் லெபோ ஆர்மேனியனில் வரையப்பட்ட சுவரோவியங்களைக் காண உலகெங்கிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஆயினும், மரபுடைமைப் பகுதிக்குள் குடியிருப்போர் 2009ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10,000 பேர் மட்டுமே இருந்தனர். 2013இல் அத்தொகையும் குறைந்தது.

இப்போது முதலில் எழுப்பிய வினாவிற்குத் திரும்புவோம். அன்றைய படத்தில் தெரு வெறுமையாகத் தோன்றிற்று, உண்மையில் நிறைந்திருந்தது. இன்றைய படத்தில் தெரு நிறைந்து தோன்றுகின்றது. வண்ணம் பூசிய சுவர்கள் உள்ளன, சுற்றுப்பயணிகள் உள்ளனர். இரவு கடையடைத்தபின் அண்ணாந்து பார்த்தால் மாடி சன்னல்கள் பலவற்றில் விளக்கில்லை. இரண்டு படங்களும் நம்மை ஏமாற்றவல்லவை. அங்கு வாழ்ந்தோர் பெயரை அறிந்தாலன்றி இரண்டையும் சரிவரப் படித்தல் இயலாது.

நாம் செய்யத்தக்கது

அரசாங்கப் பணியில் கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகக் கூறமுடியும். நாளும் பெயரும் இல்லாத தாள் எவ்வளவு அரியதாயினும் எந்தக் கோப்பிலும் சேராது. படத்திற்கும் இது பொருந்தும். தமிழ்ப்பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும்போது முன்வரிசையின் காலடியில் ஒரு பலகை வைப்பார்கள். பள்ளியின் பெயர், வகுப்பு, ஆண்டு ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அப்பலகை ஒன்றினாலேயே ஐம்பதாண்டு கழிந்தும் அப்படம் சான்றாக நிற்கின்றது. நம் வீட்டுப் படங்களுக்கு அத்தகைய பலகை இல்லை.

ஆலய விழாவிற்காகக் குடும்பங்கள் ஒன்றுகூடும் இந்நாள்களில் மூன்று செயல்களை நாம் மேற்கொள்ளலாம். முதலாவது, பெட்டியிலும் பேழையிலும் கிடக்கும் பழைய படங்களை எடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, அதில் உள்ளோர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு எனக் கேட்டறியவேண்டும். கேட்டதைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதவேண்டும். பேனா மை காலப்போக்கில் முன்புறம் ஊறிப் படத்தைக் கெடுத்துவிடக்கூடும். கைப்பேசியில் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. பெயரையும் உடன் பதிவு செய்யவேண்டும்.

இரண்டாவது, அப்படம் எடுக்கப்பட்ட இடத்திற்கே சென்று மீண்டும் படமெடுக்கவேண்டும். கூரை விளிம்பு ஒன்றும், அதற்குப் பின்னால் தெரியும் தூண் அல்லது கோபுரம் ஒன்றும் பழைய படத்தில் உள்ளபடியே ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்டால், அன்று படமெடுத்தவர் நின்ற இடம் அதுவே. இளைஞர்கள் இப்பணியை ஆர்வத்துடன் செய்வர் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, இவ்வாறு திரட்டிய படங்களின் படிகளை ஆலயங்கள் தொகுத்து வைக்கவேண்டும். விழா மலர்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. ஒவ்வொரு மலரிலும் ஒரு தெருவின் பழைய படமும் புதிய படமும், அத்தெருவில் வாழ்ந்த குடும்பங்களின் பெயர்ப்பட்டியலும் இடம்பெறுமாயின், பத்தாண்டுகளில் நமக்கென்று ஒரு தெரு வரலாறு உருவாகிவிடும். வெளிநாட்டார் எடுத்த படங்களில் பெயரின்றி நிற்பவரை நாம் இனிப் பெயர் சொல்லி அழைக்க இயலாமற் போகலாம். ஆனால், நம் பாட்டனார் அஞ்சடியில் நின்று எடுத்துக்கொண்ட படத்திற்குப் பெயரெழுத இன்னும் நாம் இருக்கின்றோம். சொல்லித்தரப் பெரியவர்கள் சிலரும் இருக்கின்றனர். அடுத்த விழா வரும்வரை அப்பணியைத் தள்ளிப்போடாதிருப்போமாக.